டில்லித் திராட்சையும் பருவ மழையும்

ஜூன் மாதத்தின் கடைசி வாரத்தில் டில்லி மாநகரமும் அதைச் சூழ்ந்த கிராமங்களும் மழையை எதிர்நோக்கியிருப்பது இயல்பு. நாற்பது டிகிரியைத் தாண்டிய வெயிலிலும் புழுதிக் காற்றிலும் வாடிய மக்களுக்குப் பருவ மழையின் முதற்பெயல் பெரும் ஆறுதல். நெல் பயிரிடுவோர் நாற்றங்காலை ஆயத்தம் செய்துவிட்டு வானத்தைப் பார்த்திருப்பர். அதே வாரத்தில், மழை இன்னும் சில நாள் பிந்தி வரலாகாதா என்று எண்ணுபவரும் ஒருவர் உண்டு. அவர் திராட்சைத் தோட்டக்காரர். அவருடைய பந்தலில் குலைகள் பழுத்துத் தொங்குகின்றன. ஓராண்டின் உழைப்பும் செலவும் அக்குலைகளில் அடங்கியுள்ளன. பறிப்பதற்கு முன் ஒரு கனமழை பெய்துவிட்டால் அவ்வாண்டின் வருவாயில் பெரும்பகுதி அழிந்துபோகும்.

திராட்சைக் கொடி மத்தியதரைக் கடற்புறத்திலும் மேற்கு ஆசியாவிலும் பன்னெடுங்காலமாகப் பேணப்பட்ட பயிர். அந்நாடுகளில் மழை குளிர்காலத்தில் பெய்கிறது, கோடைக்காலம் வறண்டிருக்கிறது. கொடி குளிரில் உறங்கி, வசந்தத்தில் தளிர்த்து, வறண்ட கோடையில் பழுத்து, இலையுதிர் காலத்தின் தொடக்கத்தில் அறுவடையாகிறது. டில்லியிலோ முறை வேறு. ஆண்டு முழுவதும் பெய்யும் ஏறத்தாழ 78 சென்டிமீட்டர் மழையில் பெரும்பகுதி ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் கொட்டிவிடுகிறது. பிரான்சு நாட்டில் பழம் நிதானமாக இனிப்பேறும் அதே மாதங்களில் டில்லித் தோட்டங்களில் தண்ணீர் தேங்கி நிற்கும். ஆகவே இங்குத் திராட்சை பயிரிட விரும்புவோர், குளிர்காலத்தின் முடிவுக்கும் மழைக்காலத்தின் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட நூறு நாள் அளவான காலத்துக்குள் கொடியின் வேலை முழுவதையும் முடித்துக்கொள்ள வேண்டியவராகின்றனர். அந்த நூறு நாளில் வானிலை செய்வன யாவை, அதற்கு ஆராய்ச்சியாளர் கண்ட விடை யாது என்பன அறியத்தக்கவை.

கொடியின் உறக்கம்

டில்லியில் நவம்பர் மாதம் தொடங்கிக் குளிர் ஏறுகிறது. திராட்சை இலைகள் பழுத்து உதிர்கின்றன. சனவரியில் சராசரி இரவு வெப்பநிலை 7 அல்லது 8 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கும். சில இரவுகளில் அதற்கும் கீழே செல்லும். கொடி பட்டுப்போனது போல் காட்சியளித்தாலும் உண்மையில் அது ஓய்வு நிலையில் இருக்கிறது. மொட்டுகளுக்குள் அடுத்த பருவத்துக்குரிய இலையும் பூங்கொத்தும் மிகச் சிறிய உருவில் முன்பே அமைந்துள்ளன.

இங்கு ஒரு செய்தி கருதத்தக்கது. இவ்வாண்டு காய்க்கும் குலை இவ்வாண்டில் உருவானதன்று. சென்ற ஆண்டின் தளிர் வளரும்பொழுதே அதன் கணுக்களிலுள்ள மொட்டுகளில் பூங்கொத்தின் கரு தோன்றிவிடுகிறது. அக்காலத்தில் போதிய வெயிலும் வெப்பமும் கிடைத்திருந்தால் கரு மிகுதியாக அமையும். மேகமூட்டமும் அடர்ந்த நிழலும் இருந்திருந்தால் அதே மொட்டு பூங்கொத்தின்றி வெறும் இலைத்தளிராகவே வெளிப்படும். எனவே ஒரு பருவத்தின் வானிலை அந்த ஆண்டின் விளைச்சலோடு அடுத்த ஆண்டின் விளைச்சலையும் சேர்த்தே பாதிக்கிறது.

உறங்கும் மொட்டுகள் ஒரே சீராக விழித்தெழ, அவற்றுக்கு ஓரளவு குளிர் கிடைத்திருக்க வேண்டும். ஆப்பிள் மரத்துக்கு வேண்டியதினும் இது மிகக் குறைவு. டில்லியின் குளிர் பெரும்பாலான ஆண்டுகளில் இதற்குப் போதுமானது. குளிர் குன்றிய ஆண்டில் மொட்டுகள் ஒழுங்கின்றி வெடிக்கும். ஒரே கொடியில் சில குலைகள் முந்தியும் சில பிந்தியும் பழுக்கும். மழைக்கு முன் அறுவடையை முடிக்க வேண்டிய இடத்தில் இத்தகைய ஒழுங்கின்மை பெருங்குறை.

சனவரி மாதத்தில் கவாத்து நடைபெறுகிறது. சென்ற ஆண்டில் வளர்ந்த கொம்புகளை, வகைக்கு ஏற்ற எண்ணிக்கையில் கணுக்களை விட்டு வெட்டுவர். கவாத்துக்குப் பின் ஹைடிரஜன் சயனமைடு என்னும் மருந்தை மொட்டுகளில் தடவினால், அவை வழக்கத்துக்குச் சில நாள் முன்பாகவும் சீராகவும் வெடிக்கின்றன. இம்மருந்து நச்சுத் தன்மை உடையது. கையுறையும் முகமூடியும் இன்றி இதைக் கையாளுதல் கூடாது. மது அருந்தியவர் உடலில் இது மிகக் கொடிய விளைவை உண்டாக்கும் என்பதையும் விரிவாக்கப் பணியாளர்கள் தோட்டத் தொழிலாளருக்கு வற்புறுத்திக் கூறவேண்டும்.

வெப்பக் கணக்கு

மார்ச்சு மாதத் தொடக்கத்தில் மொட்டுகள் வெடித்துத் தளிர் விடுகின்றன. ஏப்ரல் நடுவில் பூக்கின்றன. பூத்ததிலிருந்து ஏறத்தாழ 50 முதல் 60 நாளுக்குள் முந்திப் பழுக்கும் வகைகளில் பழம் கனிந்துவிடுகிறது. இவ்வளவு விரைவாகக் கனிவதன் காரணத்தை எளிய கணக்கொன்றால் விளக்கலாம்.

திராட்சைக் கொடி ஏறத்தாழ 10 டிகிரி செல்சியசுக்குக் கீழ்ப்பட்ட வெப்பநிலையில் வளர்வதில்லை. ஆகவே ஒரு நாளின் சராசரி வெப்பநிலையிலிருந்து 10-ஐக் கழித்தால் கிடைக்கும் எண், அன்று கொடிக்குப் பயன்பட்ட வெப்பத்தின் அளவாகும். இதை வெப்ப அலகு என்பர். கலிபோர்னியாவில் அமெரைன், விங்க்ளர் ஆகிய இரு விஞ்ஞானிகள் 1944-ஆம் ஆண்டில் இம்முறையைக் கொண்டு அந்த மாநிலத்தின் திராட்சைப் பகுதிகளைத் தரம் பிரித்துக் காட்டினர். அன்று முதல் இம்முறை பல நாடுகளில் வழக்கிலுள்ளது.

டில்லியின் சராசரி வெப்பநிலை மார்ச்சில் ஏறத்தாழ 22 டிகிரி; ஏப்ரலில் 29 டிகிரி; மே மாதத்தில் 33 டிகிரி. பத்தைக் கழித்து, மாதத்தின் நாள்களால் பெருக்கினால், மார்ச்சில் 372, ஏப்ரலில் 570, மே மாதத்தில் 713 என மொத்தம் 1,655 வெப்ப அலகுகள் மூன்றே மாதங்களில் சேர்கின்றன. பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் ஆண்டின் மிக வெப்பமான ஜூலை மாதத்திலும் சராசரி வெப்பநிலை 20 டிகிரியைச் சிறிதே தாண்டும். டில்லியின் ஒரு மே மாத நாள், பர்கண்டியின் இரண்டு ஜூலை நாள்களுக்குச் சமமான வெப்பத்தைக் கொடிக்கு அளிக்கிறது. அங்கு வசந்தம் முதல் செப்டம்பர் வரை நீளும் வேலை இங்குக் கோடையின் நடுவிலேயே முடிந்துவிடுவதன் காரணம் இதுவே.

எனினும் இக்கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. வெப்பநிலை 35 டிகிரியைத் தாண்டிய பின், ஏறும் ஒவ்வொரு டிகிரியும் கொடிக்கு உதவுவதில்லை. இலைகள் தம் துளைகளை மூடிக்கொள்கின்றன. உணவு தயாரிக்கும் வேலை தளர்கிறது. ஆகவே கணக்கில் காணும் அலகுகள் அனைத்தும் பழத்தில் சர்க்கரையாக மாறுவதில்லை.

வசந்தத்திலும் கோடையிலும் வரும் இடர்கள்

மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் வடமேற்கு இந்தியாவின் மீது மேற்கிலிருந்து வானிலைச் சலனங்கள் அடுத்தடுத்து வந்து செல்கின்றன. குளிர்கால மழையைக் கொணரும் இச்சலனங்கள் வசந்தத்தில் இடியையும் ஆலங்கட்டியையும் தோற்றுவிப்பதுண்டு. தளிர் மென்மையாக இருக்கும் காலத்தில் சில நிமிடம் பெய்யும் ஆலங்கட்டி மழை கொடியை மொட்டையாக்கிவிடும். பூக்கும் நாள்களில் மழை பெய்தால் மகரந்தச் சேர்க்கை கெட்டுக் காய்ப்பிடிப்புக் குறையும். பூஞ்சண நோய்களும் தலையெடுக்கும்.

மே மாதத்தில் 'லூ' எனப்படும் வறண்ட அனற்காற்று வீசுகிறது. மாலை வேளைகளில் 'ஆந்தி' என்னும் புழுதிப் புயல் எழுகிறது. அனற்காற்றில் பழத்தோல் கருகுவதுண்டு. புழுதிப் புயலில் பந்தல் கம்பிகள் அசைந்து குலைகள் உரசிக் காயமுறும். குலைகளுக்கு மேல் இலைப் பரப்பைச் சீராக விரித்து நிழல் அமைப்பதும், தோட்டத்தின் மேற்கு எல்லையில் காற்றுத் தடுப்பு மரங்களை வளர்ப்பதும் இதற்குப் பரிகாரமாகும்.

கடும் வெப்பம் பழத்தின் உட்பொருளையும் மாற்றுகிறது. திராட்சையில் டார்டாரிக், மாலிக் என்னும் இரு அமிலங்கள் முதன்மையானவை. வெப்பம் மிகும்பொழுது பழம் தன் சுவாசத்தில் மாலிக் அமிலத்தை விரைந்து செலவிடுகிறது, புளிப்புக் குறைகிறது. கரும்பழ வகைகளுக்கு நிறம் தரும் ஆந்தோசயனின் என்னும் பொருள் மிகுந்த வெப்பத்தில் சரிவர உருவாவதில்லை. ஒரே குலையில் சில பழங்கள் கருநீலமாகவும் சில வெளிறிச் சிவந்தும் காணப்படுவது இதனாலேயே. ஒயின் தயாரிப்புக்கு இனிப்பும் புளிப்பும் நிறமும் அளவோடு பொருந்தியிருத்தல் வேண்டும். பகல் வெயிலும் குளிர்ந்த இரவும் மாறிமாறி வரும் இடங்களே அதற்கு ஏற்றவை. டில்லியின் மே, ஜூன் மாத இரவுகள் அத்தகையன அல்ல. ஆகவே இங்கு விளைபவை பெரும்பாலும் உண்பதற்குரிய திராட்சை வகைகள்.

மழை பழத்தை எவ்வாறு கெடுக்கிறது?

பழுத்த திராட்சை சர்க்கரை மிகுந்த சாறு நிரம்பிய சிறு பை போன்றது. நீண்ட வறட்சிக்குப் பின் கனமழை பெய்தால் வேர்கள் நீரை விரைந்து உறிஞ்சி மேலே அனுப்புகின்றன. நனைந்த தோலின் வழியாகவும் நீர் உட்புகுகிறது. உள்ளழுத்தம் ஏறுகிறது, மெல்லிய தோல் அதைத் தாங்காமல் வெடிக்கிறது. வெடித்த இடத்தில் ஈக்கள் மொய்க்கின்றன. பூஞ்சணமும் நொதியும் குடியேறுகின்றன. அடர்ந்த குலையில் ஒரு பழத்தின் சாறு அடுத்த பழங்களின் மீது வடிந்து, இரண்டொரு நாளில் குலை முழுவதும் அழுகிவிடும். வெடிக்காத பழங்களிலும் நீர் மிகுந்து இனிப்புக் குன்றும்.

அப்படியானால் மழைக்கு முன்பே காயாகப் பறித்து வைத்துப் பழுக்கச் செய்யலாகாதா என்று மாணவர்கள் வினவக்கூடும். மாங்காயைப் பறித்து வைக்கோலில் வைத்துப் பழுக்கச் செய்வது யாவரும் அறிந்ததே. மாம்பழத்தில் சேமிப்பிலுள்ள மாவுப் பொருள், பறித்த பின்னரும் சர்க்கரையாக மாறுகிறது. திராட்சையில் அத்தகைய சேமிப்பு இல்லை. அதன் சர்க்கரை இலைகளில் உண்டாகிக் காம்பின் வழியே நாள்தோறும் வந்து சேர்வது. காம்பை வெட்டிய கணத்தில் அவ்வரவு நின்றுவிடுகிறது. புளிப்பாகப் பறித்த குலை புளிப்பாகவே இருக்கும்.

தோட்டக்காரரின் இக்கட்டு இங்கேதான் எழுகிறது. ஜூன் இரண்டாம் வாரத்தில் பழம் இன்னும் முழு இனிப்பை எட்டவில்லை. வானத்திலோ மேகம் கூடுகிறது. இன்றே பறித்தால் சந்தையில் முந்தி வந்த சரக்கென்று நல்ல விலை கிடைக்கலாம். ஆனால் அதை உண்டவர் முகம் சுளித்து, அடுத்த முறை வாங்கத் தயங்குவர். ஒரு வாரம் பொறுத்தால் பழம் இனிக்கும். ஆனால் அந்த ஒரு வாரத்தில் மழை வந்துவிடக்கூடும்.

டில்லியில் பருவ மழை தொடங்கும் இயல்பான நாள் ஜூன் 29 என்று முன்னர்க் கணக்கிடப்பட்டிருந்தது. இந்திய வானிலை ஆய்வுத் துறை 2020-ஆம் ஆண்டில் அதை ஜூன் 27 எனத் திருத்தியது. ஆனால் இயல்பான நாள் என்பது சராசரியே. 2013-ஆம் ஆண்டில் ஜூன் 16-ஆம் நாளே பருவ மழை டில்லியை அடைந்தது; 2021-ஆம் ஆண்டில் ஜூலை 13-ஆம் நாள்தான் வந்தது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ நான்கு வார வேறுபாடு உள்ளது. 2024-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 228.1 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அத்தகைய ஒரு நாள், பறிக்கப்படாமல் நிற்கும் எந்தப் பந்தலையும் விட்டுவைக்காது.

ஆராய்ச்சி நிலையம் கண்ட வழி

மழையின் நாளை மனிதன் மாற்ற இயலாது. பழத்தின் நாளை மாற்ற இயலும். டில்லியில் நடைபெற்ற திராட்சை ஆராய்ச்சியின் அடிப்படை இதுவே. 1905-ஆம் ஆண்டில் பீகாரிலுள்ள பூசா என்னும் ஊரில் தொடங்கப்பட்ட வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், 1934-ஆம் ஆண்டு சனவரி 15-ஆம் நாள் நேர்ந்த பெரும் நிலநடுக்கத்தில் சேதமுற்றது. 1936-ஆம் ஆண்டில் அது டில்லிக்கு மாற்றப்பட்டது. இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் என இன்று வழங்கும் அந்நிறுவனத்தைப் பழைய ஊரின் பெயராலேயே பூசா என்று அழைப்பது வழக்கமாக நிலைத்துவிட்டது.

விடுதலைக்குப் பின் வந்த ஆண்டுகளில் வெளிநாட்டு வகைகள் பலவற்றை இந்நிலையம் வரவழைத்துச் சோதித்தது. அவற்றுள் பெர்லட், பியூட்டி சீட்லெஸ் என்னும் இரண்டும் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவை. இரண்டும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஹரால்ட் ஓல்மோ என்பவர் கலப்பு முறையில் உருவாக்கிய விதையற்ற வகைகள். பியூட்டி சீட்லெஸ் கரும்பழம். மே மாத இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் டில்லியில் கனிந்துவிடும். வெளிர்பச்சைப் பழமாகிய பெர்லட் அதற்குச் சில நாள் பின்னர்க் கனியும். உலகப் புகழ் பெற்ற தாம்சன் சீட்லெஸ் வகையோ இங்கு ஜூன் மூன்றாம் வாரம் வரை காத்திருக்கச் செய்யும். ஆந்திரப் பகுதியில் புகழ் பெற்ற அனாப்-இ-ஷாஹி அதனினும் பிந்தியது. பத்துப் பதினைந்து நாள் வேறுபாடு அற்பமாகத் தோன்றலாம். டில்லியில் அதுவே விளைச்சலுக்கும் இழப்புக்கும் இடையிலான எல்லையாகும்.

வரவழைத்த வகைகளோடு நிலையம் நின்றுவிடவில்லை. ஹூர் என்னும் வகையையும் பியூட்டி சீட்லெஸ் வகையையும் கலந்து பூசா ஊர்வசி உருவாக்கப்பட்டது. மாதலேன் ஆன்ஜவின், ரூபிரெட் ஆகியவற்றின் கலப்பில் பூசா நவரங் பிறந்தது. இவை 1990-களில் வெளியிடப்பட்டன. பூசா நவரங்கின் சதையும் சாறும் ஆழ்ந்த நிறமுடையவை. ஆதலின் பழச்சாற்றுக்கும் நிறமுள்ள ஒயினுக்கும் ஏற்றது. இவ்விரு வகைகளும் மழைக்கு முன்பே கனிபவை.

சாகுபடி முறைகளும் நாள்களை மிச்சப்படுத்துகின்றன. பழம் மென்மையுறத் தொடங்கும் கட்டத்தில் தண்டின் பட்டையை வளையமாக நீக்கினால், இலைகளில் உண்டான சர்க்கரை வேருக்கு இறங்காமல் பழத்தை நாடும், கனிவு விரைவுபடும். பெர்லட் குலையில் பழங்கள் நெருக்கமாக அமைவதால், பிஞ்சுப் பருவத்திலேயே சிலவற்றை நீக்கிக் குலையைத் தளர்த்துதல் நன்று. தளர்ந்த குலை விரைவில் இனிப்பேறுவதோடு, எதிர்பாராத மழையில் ஈரம் உலர்வதற்கும் இடம் தருகிறது. கொடி தாங்கக்கூடிய அளவுக்கு மேல் குலைகளை விடுதல் கூடாது. அளவு மீறிய சுமையுடைய கொடியில் பழங்கள் அனைத்தும் பிந்தும்.

பஞ்சாப், அரியானா மாநிலங்களிலும் பெர்லட் வகை விரிவாகப் பரவியது. ஒரே வகை, ஒரே இரண்டு மூன்று வாரங்களில் எல்லாத் தோட்டங்களிலும் கனிந்தமையால் சந்தையில் சரக்குக் குவிந்து விலை விழுந்தது. மழைக்கு அஞ்சிப் புளிப்பாகப் பறித்த பழங்களும் அவற்றோடு கலந்தன. பிற்காலத்தில் அங்குத் திராட்சைப் பரப்புப் பெரிதும் சுருங்கியது. பயிரைக் காலத்தே கனியச் செய்வது தொடக்கமே. பல வகைகளை முறையாகப் பயிரிட்டு அறுவடையைப் பகிர்ந்தமைப்பதும் அதற்கு இணையான தேவை என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

தக்காணத்திலும் தமிழகத்திலும்

தெற்கே செல்லச் செல்ல இப்போட்டியின் இயல்பு மாறுகிறது. பதினான்காம் நூற்றாண்டில் இந்தியாவில் பயணம் செய்த இபின் பதூதா, தௌலதாபாத்தில் திராட்சையும் மாதுளையும் ஆண்டுக்கு இருமுறை காய்ப்பதாகக் குறித்துள்ளார். இலை உதிர்க்கச் செய்யும் கடுங்குளிர் அங்கு இல்லை. கொடி ஆண்டு முழுவதும் பசுமையாக இருக்கும். எப்பொழுது தளிர்க்க வேண்டும் என்பதை அங்குத் தீர்மானிப்பது கவாத்துக் கத்தரியே.

மகாராட்டிரத்தின் நாசிக் வட்டாரத்தில் ஏப்ரலில் ஒரு முறையும் அக்டோபரில் ஒரு முறையும் கவாத்து செய்கின்றனர். முதற் கவாத்து கொம்புகளை வளர்ப்பதற்கு, இரண்டாவது பழத்துக்கு. மழைக்காலம் முழுவதும் கொடி இலையோடு கழிய, மழை ஓய்ந்த பின் பூத்து, சனவரி முதல் ஏப்ரல் வரை பழம் பறிக்கப்படுகிறது. வறண்ட பகலும் குளிர்ந்த இரவும் கூடிய அம்மாதங்கள் ஒயின் திராட்சைக்கும் பொருந்துகின்றன. பிரான்சில் செப்டம்பரில் நடைபெறும் ஒயின் அறுவடை நாசிக்கில் பிப்ரவரியில் நடைபெறுவதன் காரணம் இதுவே. எனினும் பருவம் தவறிய மழை அங்கும் விட்டபாடில்லை. 2009-ஆம் ஆண்டு நவம்பரில் பியான் புயலோடு வந்த மழை பூக்கும் நிலையிலிருந்த தோட்டங்களை அடிச்சாம்பல் நோய்க்கு இரையாக்கியது. 2014-ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் பெய்த ஆலங்கட்டி மழை பழுத்த குலைகளை அழித்தது.

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சை எனப்படும் மஸ்கட் ஹாம்பர்க் வகை பயிராகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவிலுள்ள இப்பள்ளத்தாக்கில் டிசம்பர், சனவரியில் கவாத்து செய்த கொடி ஏப்ரல், மே மாதங்களில் பழம் தருகிறது; மே, ஜூனில் கவாத்து செய்தது ஆகஸ்டு, செப்டம்பரில் தருகிறது. இரண்டாண்டில் ஐந்து அறுவடை காண்பாரும் உண்டு. தோட்டந்தோறும் கவாத்து நாளை மாற்றி அமைப்பதால் சந்தைக்கு ஆண்டு முழுவதும் பழம் வருகிறது. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. டில்லியில் குளிரும் மழையும் இரு கதவுகளாக நின்று பருவத்தை வரையறுக்க, கம்பத்தில் விவசாயியே தன் பருவத்தைத் தேர்ந்துகொள்கிறார். தேர்ந்த பின் வரும் வானிலைக்கு அவரும் கட்டுப்பட்டவரே.

அறுவடை நாள் கூறும் வரலாறு

திராட்சையின் அறுவடை நாள், அந்த ஆண்டின் வெப்பத்தைத் தன்னுள் அடக்கிய ஒரு குறிப்பு. பர்கண்டியிலுள்ள போன் என்னும் சிறு நகரின் ஏடுகள் இதற்குச் சான்று. பழம் பறித்தவர்களுக்குக் கூலி கொடுத்த கணக்கும், அறுவடை நாளை நிச்சயித்த நகரசபையின் தீர்மானங்களும் அங்குத் தலைமுறை தலைமுறையாக எழுதி வைக்கப்பட்டன. வரலாற்று ஆய்வாளர்கள் அவற்றைத் தொகுத்து 1354 முதல் 2018 வரையுள்ள அறுவடை நாள்களை வரிசைப்படுத்தி, 2019-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 1987 வரை சராசரி அறுவடை நாள் செப்டம்பர் 28. 1988-க்குப் பின்னர் அது சராசரியாக 13 நாள் முந்திவிட்டது. உலகம் வெப்பமுற்று வருவதைக் காட்டும் சான்றுகளில் இதுவும் ஒன்று.

அறுவடை முந்துவது முழுவதும் நன்மையன்று. 2021-ஆம் ஆண்டில் பிரான்சில் மார்ச்சு மாத வெப்பத்தால் மொட்டுகள் முந்தி வெடித்தன. ஏப்ரல் முதற்பகுதியில் விழுந்த உறைபனி அத்தளிர்களைக் கருக்கிவிட்டது. இந்தியாவில் 2022-ஆம் ஆண்டின் மார்ச்சு மாதம் 1901-க்குப் பின் கண்ட மிக வெப்பமான மார்ச்சாகப் பதிவாயிற்று. வசந்தம் வெப்பமுறும்பொழுது டில்லித் திராட்சையின் பழம் முந்துவது இயற்கை. ஆனால் பூவும் பிஞ்சும் அதே வெப்பத்தில் தவிக்க நேரிடும்.

பள்ளியிலும் களத்திலும் செய்யத்தக்கவை

இத்துறையில் பெரிய கருவிகள் இன்றியே பயனுள்ள பணி ஆற்ற இயலும். ஒரு தோட்டத்தில் குறிப்பிட்ட ஐந்து கொடிகளைத் தேர்ந்து, ஒவ்வோர் ஆண்டும் ஐந்து நாள்களைக் குறிப்பேட்டில் பதிவு செய்தல் வேண்டும். கவாத்து செய்த நாள், மொட்டுகளில் பாதி வெடித்த நாள், பூக்களில் பாதி மலர்ந்த நாள், பழம் மென்மையுற்று நிறம் மாறத் தொடங்கிய நாள், அறுவடை நாள் ஆகியன அவை. அருகிலுள்ள வானிலை நிலையத்தின் உயர்ந்த, தாழ்ந்த வெப்பநிலைகளையும் மழையளவையும் அவற்றோடு எழுதி வருதல் வேண்டும். மேல்வகுப்பு மாணவர்கள் அவ்வெண்களிலிருந்து வெப்ப அலகுகளைக் கூட்டி, மொட்டு வெடித்தது முதல் பழுக்கும் வரை ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு சேர்ந்தது என்று ஒப்பிடலாம். திராட்சை இல்லாத ஊரில் மாமரமோ முருங்கையோ இப்பயிற்சிக்கு ஏற்றது. அவற்றின் பருவக் கட்டங்கள் மட்டும் வேறாக இருக்கும்.

விரிவாக்கப் பணியாளர்கள் அறுவடைக் காலத்தில் கையடக்க ஒளிவிலகல்மானியைக் கொண்டு சாற்றின் இனிப்பை அளந்து காட்டலாம். பெர்லட் போன்ற வகைகளுக்கு 16 முதல் 18 பிரிக்ஸ் அளவு பொருத்தமானது. சோதனைக்குரிய பழத்தைக் குலையின் நுனியிலிருந்து எடுத்தல் வேண்டும். நுனிப்பழமே கடைசியில் இனிப்பேறுவது. நுனி இனித்தால் குலை முழுவதும் இனிக்கும். கருவி இல்லாத இடத்தில் நாவும் ஓரளவு வழிகாட்டும். அறுவடைக்கு ஒரு வாரம் முன்பே நீர் பாய்ச்சுவதை நிறுத்தச் சொல்வதும், வானிலைத் துறையின் மழை முன்னறிவிப்பை நாள்தோறும் தோட்டக்காரருக்கு எட்டச் செய்வதும் அவர்கள் கடமை. முன்னறிவிப்பும் இனிப்பின் அளவும் ஒருங்கே கையிலிருந்தால், பறிப்பதா பொறுப்பதா என்னும் கேள்விக்குத் தோட்டக்காரர் கணக்குப் பார்த்து விடை காண்பார்.

போன் நகரில் கூலிக் கணக்கு எழுதியவர்கள் விஞ்ஞானத்துக்கு உதவ எண்ணி எழுதியவர்கள் அல்லர். நாள் தவறாமல், உண்மையாக எழுதினார்கள். அறுநூறு ஆண்டுக்குப் பின்னும் அவ்வெழுத்து பயன் தருகிறது. ஒரு கிராமப் பள்ளியின் குறிப்பேட்டிலும் ஒரு களப்பணியாளரின் நாட்குறிப்பிலும் பத்தாண்டு தொடர்ந்து எழுதப்படும் திராட்சையின் நாள்கள், அவ்வூரில் எந்த வகையை நடலாம், எந்த நாளில் கவாத்து செய்யலாம் என்று அடுத்த தலைமுறை விவசாயிக்கு எடுத்துரைக்கும்.